கட்டுச்சோறும் சத்திரமும்

2008ஆம் ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொரு மணியளவில், என் கணினியில் இருந்த அத்தனை கட்டளைகளையும் ஒரே வரியில் செயலிழக்கச் செய்தேன். அறியாமையால் மட்டும் செய்தேன் என்று சொல்லிவிட முடியாது. அதிகமான எச்சரிக்கையினாலும் செய்தேன். அந்த எச்சரிக்கைதான் வினையாயிற்று.

அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வாளன். தொகுப்பூதியத்தில் பாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். ஆய்வுப் பொருள் ஒப்பாரிப் பாடல்கள். இரண்டரை ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, கைக்கடக்கமான ஒலிப்பதிவுப் பெட்டியில் 117 பாடல்களைப் பதிவு செய்திருந்தேன். ஒலிநாடாவுக்குச் செலவழிக்கப் பணம் போதாமையால், ஒரு நாடாவில் இருப்பதை எழுத்தில் பெயர்த்து முடித்ததும் அதே நாடாவின் மேல் அடுத்த ஊரைப் பதிவு செய்வது என் வழக்கம். இன்று என் மாணவர் எவரேனும் அப்படிச் செய்தால் வகுப்பை விட்டே வெளியேற்றுவேன். ஆகவே, குரல்கள் போய்விட்டன; எழுத்து மட்டும் எஞ்சியிருந்தது. தாமிரபரணிக் கரையூர் ஒன்றில் தம் கணவருக்காகப் பாடியதை எனக்காக மறுபடியும் பாடிக்காட்டிய பாட்டி ஒருவர், நான் சொல்லப்போகும் நாளுக்கு நான்கு மாதம் முன்னரே காலமாகிவிட்டார். அவர் பாடிய பதினொரு பாடல்களும் அந்தக் கணினியில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அவை தட்டச்சிடப்பட்டிருந்ததோ தகுதரக் குறியாக்கத்தில். அந்த ஆண்டுகளில் இணையத்தில் தமிழ் எழுதியவர்களுக்கு இந்தத் துன்பம் நினைவிருக்கும்: தகுதரம், டாப், டாம், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி எழுத்துரு, கடைசியில் வந்த யூனிகோடு. துறைத்தலைவர் ஆய்வேட்டை யூனிகோடில் கேட்டார். மாற்றித் தரும் சிறு நிரல் ஒன்றை இணையத்தில் கண்டெடுத்தேன். இயக்கினேன். அது ஒரு வரியில் மறுத்துவிட்டது: தனக்கு கிளிப்சி 2.7 வேண்டும் என்றது. என் கணினியில் இருந்தது சென்ட்ஓஎஸ் 5. அதில் கிளிப்சி 2.5.

கிளிப்சி என்பது என்ன என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். எல்லா நிரல்களும் பயன்படுத்தும் பொது நிரலகம், அதாவது லைப்ரரி. கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் இடுவது, நினைவகம் கேட்டுப் பெறுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு ஒவ்வொரு நிரலும் தனித்தனியே வழிசெய்துகொள்ளாமல் அதனிடம் கேட்டுக்கொள்கின்றன. புதிய பதிப்பின் கோப்பு ஒன்றைத் தேடிப் பதிவிறக்கி, அதற்குரிய அடைவில் வைத்தேன். இனிப் பழையதன் இடத்தில் புதியதை அமர்த்த வேண்டும். நேரடியாக அழித்துவிடுவது அறிவீனம் அல்லவா? ஆகவே, ரூட் உரிமையோடு திறந்திருந்த முனையத்தில், பழைய லிப்சி.எஸ்ஓ.6 என்ற பெயரை, பத்திரமாக இருக்கட்டும் என்று, லிப்சி.எஸ்ஓ.6.பழைய என்று மாற்றினேன். பெயரை மாற்றும் எம்வி கட்டளை தன் வேலையை முடித்துவிட்டு அமைதியாக வெளியேறியது. அதுதான் அந்தக் கணினியில் நன்றாக ஓடி முடிந்த கடைசிக் கட்டளை.

அடுத்து, புதிய கோப்புக்கு இணைப்புப் பெயரிட எல்என் என்று அடித்தேன். லிப்சியைத் திறக்க இயலவில்லை என்று பதில் வந்தது. சரி, பழைய நிலைக்கே திரும்புவோம் என்று எம்வி அடித்தேன். அதே பதில். எல்எஸ், சிபி, கேட் எல்லாவற்றுக்கும் அதே பதில். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன் என்பது புரிய எனக்குக் கால் மணி நேரமாயிற்று.

கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "ஃபார்மட் பண்ணிடலாம் சார், சாயந்திரம் கொண்டு வாங்க" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். சற்றே யோசித்துப் பார்த்தால் அவர்மீது குற்றமில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர்க்கு அதுவே போதுமானதாயிருந்தது. எனக்கு அந்தப் பாட்டியின் பதினொரு பாடல்கள் இருந்தன.

பிறகு, கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட நண்பரை அழைத்தேன். யூனிக்ஸில் ஊறியவர், அதிகம் பேசாதவர். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்ட கேள்வி வேடிக்கையாகப் பட்டது.

"சார், ரூட் ஜன்னல் இன்னும் திறந்திருக்கா?"

"இருக்கு சார்."

"அத மட்டும் மூடிடாதீங்க. மறுபடி பூட் பண்ணவும் வேண்டாம். கையை எடுத்துட்டு ஒரு நிமிஷம் உட்காருங்க."

கட்டளையை ஏற்கும் பாஷ் என்னும் அந்த ஓட்டு நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தனக்கு வேண்டிய லிப்சியை அது காலையிலேயே ஏற்றிக்கொண்டுவிட்டது. கோப்பின் பெயர் மாறினாலும், ஏற்கெனவே திறந்தவர்களுக்கு அது தெரியாது. புதிதாகப் பிறக்க முயலும் நிரல்கள்தாம் பிறக்கும்போதே மாண்டன. அந்த ஜன்னலை மூடியிருந்தால், இன்னொரு ரூட் ஜன்னல் திறக்க எந்த வழியும் இருந்திராது. அனுமதி தரும் நிரல்களும் லிப்சியைக் கேட்பவையே.

எல்எஸ் ஓடாது, ஆகவே எக்கோ என்று அடித்து ஒரு நட்சத்திரக் குறி இடச் சொன்னார். எக்கோ பாஷின் உள்ளேயே இருக்கும் கட்டளை. தனி நிரல் அன்று. அடைவின் கோப்புப் பெயர்களெல்லாம் வரிசை இல்லாத ஒரு பத்தியாகத் திரையில் கொட்டின. அதில் லிப்சி-2.5.எஸ்ஓ இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. நான் பெயர் மாற்றியது ஒரு சுட்டுப்பெயரைத்தான்; உண்மையான கோப்பு அசையாமல் அங்கேயே கிடந்தது.

"இப்ப எஸ்பின்ல எஸ்எல்என்னு ஒண்ணு இருக்கும். எல்என் இல்ல, எஸ்எல்என். முழுப் பாதையோட அடிங்க. முதல்ல உண்மைக் கோப்பு, அப்புறம் பழைய பேரு."

அடித்தேன். திரை எதுவும் சொல்லவில்லை. யூனிக்ஸில் மௌனம் நற்சகுனம். எல்எஸ் அடித்தேன். கோப்புகள் வரிசை வரிசையாய் வந்தன. தொலைபேசியில் சிறிது நேரம் என்னால் பேச முடியவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை.

எஸ்எல்என் செய்யும் வேலை எல்என் செய்யும் வேலையே, அதிலும் குறைவு. ஆனால் அது யாரையும் நம்பி வாழவில்லை. கிளிப்சியை ஆக்குபவர்களே, ஒருநாள் எவனாவது ஒருவன் என்னைப்போலச் செய்வான் என்று எதிர்பார்த்து, கிளிப்சி இல்லாமலே ஓடும்படி அதைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு செய்திதான் இத்தனை ஆண்டுகளாக இந்தத் துறையின் ஓரத்தில் என்னைச் சுற்றித் திரியச் செய்திருக்கிறது.

நிரலை ஆக்கும்போது அதற்கு வேண்டிய பொதுப் பகுதிகளைச் சேர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நிரலகத்திலிருந்து வேண்டியவற்றைப் பிரதியெடுத்து நிரலுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவது. இதை நிலைப்பிணைப்பு என்போம். மற்றொன்று, 'இன்ன நிரலகம் தேவை' என்ற குறிப்பை மட்டும் எழுதிவைத்துவிட்டு, ஓடத் தொடங்கும் நேரத்தில் அதைத் தேடிச் சேர்த்துக்கொள்வது. இது இயங்குபிணைப்பு. முன்னது கட்டுச்சோறு. பின்னது, வழியில் சத்திரம் இருக்கும், அங்கே உலை கொதிக்கும் என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு புறப்படுவது.

சுமையின் வேறுபாடு சிறிதன்று. ஒரு வரி வணக்கம் சொல்லும் நிரலை இன்றைய 64 பிட்டு லினக்ஸில் ஆக்கினால், இயங்குபிணைப்பில் சுமார் 16 கிலோபைட்டு. அதையே கிளிப்சியோடு நிலையாகப் பிணைத்தால் 700, 800 கிலோபைட்டைத் தொடும். கட்டளைகள் நூற்றுக்கணக்கில் இருக்க, ஒவ்வொன்றும் இதே சோற்றைச் சுமந்தால் வட்டும் நிரம்பும், நினைவகமும் நிரம்பும். இயங்குபிணைப்பிலோ நிரலகத்தின் ஒரே பிரதியை ஓடும் நிரல்கள் எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. வட்டின் விலை உயர்ந்திருந்த காலத்தில் இது பெரிய வரப்பிரசாதம்.

யூனிக்ஸ் பிறந்தபோது இந்தக் கேள்வியே இல்லை. 1970களின் யூனிக்ஸில் எல்லாம் கட்டுச்சோறுதான். ஆனால் 'இன்றியமையாக் கருவிகள்' என்ற எண்ணம் அப்போதே, சித்தாந்தம் எதுவுமில்லாமல், இட நெருக்கடியால் பிறந்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் வைத்திருந்த முதல் வட்டு நிரம்பியபோது, பயனர் கோப்புகளுக்கென்று இருந்த இரண்டாம் வட்டில், யூஎஸ்ஆர் என்ற அடைவில், மீதிக் கட்டளைகளைக் குடியேற்றினார்கள். இரண்டாம் வட்டை இணைக்க மௌன்ட் என்ற கட்டளை வேண்டும். அந்த மௌன்ட் இரண்டாம் வட்டிலேயே இருந்தால்? நான் சாவியை வைத்த அதே வீடு. ஆகவே, வீட்டைத் திறக்க வேண்டிய கருவிகள் வாசலிலேயே, முதல் வட்டின் பின் என்ற அடைவிலேயே இருக்க வேண்டும் என்றாயிற்று. இட நெருக்கடி போன பின்னும் அந்தப் பிரிவு முப்பது நாற்பது ஆண்டுகள் உயிரோடிருந்தது; பிற்காலத்தில் வந்தவர்கள் அதற்கு அழகழகான காரணங்களைக் கற்பித்தார்கள். நம் உரைமரபிலும் இது நடப்பதுதான்: ஏடு எழுதியவன் கைதவறி விட்ட ஓர் எழுத்துக்கு நயம் கண்டவர்கள் உண்டு.

பிறகு 1988இல் வெளிவந்த ஸன் நிறுவனத்தின் ஸன்ஓஎஸ் 4.0, பகிர்வு நிரலகங்களை யூனிக்ஸ் உலகில் பரவலாக்கியது. நிரலகங்கள் யூஎஸ்ஆர் அடைவுக்குள் வாழ்ந்தன. அது இணைக்கப்படுவதற்கு முன் ஓட வேண்டிய சில கருவிகளை மட்டும் நிலையாகப் பிணைத்து எஸ்பின் அடைவில் வைத்தார்கள். அந்த 'எஸ்' ஸிஸ்டம் என்பதன் முதலெழுத்தா, ஸ்டாட்டிக் என்பதன் முதலெழுத்தா என்று பழையவர்களிடையே இன்னமும் வழக்குண்டு. எனக்கு இரண்டாவதே பிடித்தமானது; பிடித்தமானது என்பதற்கு மேல் சான்று எதுவும் என்னிடம் இல்லை.

பெரிய சண்டை நடந்தது பிஎஸ்டி குடும்பத்தில். நெட்பிஎஸ்டி 2002இல், பின், எஸ்பின் அடைவுகளின் கருவிகளையும் இயங்குபிணைப்புக்கு மாற்றியது. ஃப்ரீபிஎஸ்டி 2004 ஜனவரியில் வெளிவந்த 5.2 பதிப்பில் அதையே செய்தது. ஏன் செய்தார்கள்? வட்டில் இடம் மிச்சம் என்பது சொல்லப்பட்ட ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் வேறு. பயனர் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்பது பழைய நாளில் ஒரே கோப்பில் முடிந்த செய்தி. பெரிய நிறுவனங்களிலோ அது வலையில் எங்கோ உள்ள வேறொரு இயந்திரத்தில் இருக்கும். அதைக் கேட்டுச் சொல்ல ஓடும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளும் துணைக்கூறுகள் வேண்டும். நிலையாகப் பிணைத்த எல்எஸ் அவற்றைச் சேர்த்துக்கொள்ள இயலாமல், கோப்பின் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்ணைக் காட்டும். கட்டுச்சோறு கட்டியவருக்கு வழியில் புதிதாய் விளைந்த காய்கறி கிடையாது.

எதிர்த்தவர்களுக்கும் நியாயம் இருந்தது. ஒட்டுக்கட்டளைகளை ஓட்டும் எஸ்ஹெச் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை பிறந்து மடிவது; ஒவ்வொரு பிறப்பிலும் நிரலகத்தைத் தேடிச் சேர்ப்பது வேகத்தைக் குறைக்கும் என்றார்கள். அதைவிட, நிரலகம் கெட்டால் எல்லாமே கெடும் என்றார்கள். என் ஆடிமாத ஞாயிறு அவர்களுக்கு நல்ல சாட்சியாகியிருக்கும். இறுதியில் சமாதானம் ஒன்று உண்டாயிற்று: ரெஸ்க்யூ என்ற தனி அடைவு. இன்றியமையாக் கருவிகளின் நிலைப்பிணைப்புப் பிரதிகள் அதில் உள்ளன. திறந்து பார்த்தால் உண்மையில் உள்ளே இருப்பது ஒரே ஒரு நிரல்தான். எல்லாக் கருவிகளையும் சேர்த்துக் கசக்கிப் பிசைந்த ஓர் உருண்டை. எந்தப் பெயர் சொல்லி அழைக்கிறோமோ அந்த வேடத்தில் வந்து நிற்கும். லினக்ஸ் உலகின் பிஸிபாக்ஸும் இதே உபாயம். 1990களின் நடுவில், ஒரே நெகிழ்வட்டில் டெபியனின் மீட்புக் கருவிகளை அடக்க புரூஸ் பெரென்ஸ் எழுதத் தொடங்கியது அது. ஓபன்பிஎஸ்டி மட்டும் சமாதானத்துக்கு வரவில்லை. இன்றும் அதன் பின்னும் எஸ்பின்னும் கட்டுச்சோறுதான். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் பிடிவாதக்காரர் வீட்டில் குடியிருக்க மனம் வந்ததில்லை.

இங்கே என் துறை சார்ந்து ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இலக்கண வகுப்பில் தொகைநிலைத் தொடர் நடத்தும்போதெல்லாம் எனக்கு இயங்குபிணைப்பு நினைவு வரும். 'கல்வீடு' என்கிறோம். கல்லால் கட்டிய வீடு என்பது பொருள். 'ஆல்' உருபும் இல்லை, 'கட்டிய' என்ற சொல்லும் இல்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று மாணவர்கள் ஒப்பிக்கிறார்கள். தொடர் தன் வயிற்றில் எதையும் சுமக்கவில்லை. படிப்பவன் மனத்தில் தமிழ் என்னும் நிரலகம் ஏற்றப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு வருகிறது. அந்த நிரலகம் இல்லாதவன் முன் அது இரண்டு தனிச் சொற்கள். விரித்து எழுதினால் யாருக்கும் புரியும், நீளும், சுவையும் போகும்.

இந்த ஒப்புமையை இழுத்துக்கொண்டே போகலாம். நான் நிறுத்திக்கொள்ளவே நினைத்தேன். ஆனால் ஒரு சொல் என்னை விடவில்லை. லினக்ஸில் இயங்குபிணைப்பு நிரல் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கோப்பின் பெயர் எழுதப்பட்டிருக்கும். நிரலை ஓட்டு என்று கட்டளை வந்ததும் கருனி அந்தப் பெயரைப் படித்து, முதலில் அந்தக் கோப்பை வருவித்து, அதனிடம் நிரலை ஒப்படைக்கிறது. அதுதான் தேவையான நிரலகங்களைத் தேடி ஏற்றி, இன்னின்ன பெயர் இன்னின்ன முகவரி என்று பொருத்தித் தருகிறது. நடைமுறையில் அதை ஏற்றி என்பார்கள். ஆனால் நிரலின் அமைப்பில் அதற்கு இட்டிருக்கும் பெயர் வேறு: இன்டர்பிரிட்டர். பொருள் உரைப்பவர். நம் மொழியில் சொன்னால் உரையாசிரியர்.

பின்னாளில் ஒரு பழைய கணினியில் வேண்டுமென்றே அந்த ஏற்றியை மட்டும் அகற்றிப் பார்த்தேன். எல்எஸ் என்ற கோப்பு கண்முன்னே இருக்கிறது, பெயர் இருக்கிறது, அளவும் இருக்கிறது. ஓட்டச் சொன்னால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது கணினி. இல்லாதது உரையாசிரியர், இல்லை என்று சொல்லப்படுவது மூலம். பாஷின் அண்மைப் பதிப்புகள் இதைத் திருத்திக்கொண்டு, தேவையான கோப்பு காணப்படவில்லை என்கின்றன. பழைய செய்தியே எனக்கு உண்மைக்கு அருகிலிருப்பதாகத் தோன்றியது.

சீவக சிந்தாமணியின் ஏடும் நச்சினார்க்கினியர் உரையும் கையில் இருந்தும் உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு நமக்குத் தெரியும். உரையிலே பெயர் சுட்டாமல் எடுத்தாளப்பட்ட மேற்கோள்கள் எந்த நூலுக்குரியவை என்று தேடினார். சமண மரபுச் செய்திகளுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். 1887இல் நூல் அச்சேறியது. மேற்கோளைக் காட்டிவிட்டு மூலநூலின் பெயரைச் சொல்லாமல் போகும் உரையாசிரியர், அந்த நூல் என்றும் எல்லார் கையிலும் இருக்கும் என்றே நம்பியிருப்பார். சத்திரம் மூடப்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இவ்வளவும் சொன்னதால் என்னைக் கட்டுச்சோற்றுக் கட்சி என்று நண்பர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். 'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு' என்பதும் நம் பழமொழிதான். 2002ஆம் ஆண்டில் ஸிலிப் என்ற சுருக்க நிரலகத்தில் ஓர் ஓட்டை கண்டறியப்பட்டது. அதைப் பகிர்ந்து பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரு கோப்பை மாற்றியதோடு வேலை முடிந்தது. ஆனால் எத்தனையோ நிரல்கள் ஸிலிப்பின் பிரதியைத் தம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தன. எவை எவை என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. சோறு ஊசிப்போனதைச் சத்திரத்தில் ஒருவர் கண்டால் அண்டாவைக் கவிழ்த்துவிடலாம். நூறு வழிப்போக்கர் மூட்டைகளில் ஊசிப்போனதை யார் போய்ச் சொல்வது? 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெரிய ஓட்டை ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் வெளிப்பட்டபோதும், பகிர்வு நிரலகத்தை மாற்றி, அதைப் பயன்படுத்தும் நிரல்களை மறுபடி ஓட்டியதே பெரும்பாலோர்க்கு விரைந்த மருந்தாயிற்று. கிளிப்சியை நெடுங்காலம் பராமரித்த உல்ரிச் டிரெப்பர் நிலைப்பிணைப்பைக் கண்டித்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பாதுகாப்புத் திருத்தம் அவர் முன்வைத்த முதன்மையான வாதங்களில் ஒன்று.

சத்திரத்துக்கும் தனி ஆபத்து உண்டு. நாம் யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்பது நமக்கே தெரியாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தி இதற்கு நல்ல சான்று. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதைக் கண்டு, ஏன் என்று தோண்டிக்கொண்டே போனார். எக்ஸ்ஸட் என்ற சுருக்க நிரலகத்துக்குள் ஒரு கள்ளவாசல் வைக்கப்பட்டிருந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு கூட்டம், இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக உதவிகள் செய்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகி, பின் அதை வைத்தது. வியப்பு என்னவென்றால், எஸ்எஸ்ஹெச்சின் மூல நிரலுக்கும் எக்ஸ்ஸட்டுக்கும் உறவே கிடையாது. டெபியன் போன்ற சில வழங்கல்கள், சேவை தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டிக்கு ஒரு சொல் சொல்வதற்காக எஸ்எஸ்ஹெச்சோடு லிப்சிஸ்டம்டியைச் சேர்த்தன. லிப்சிஸ்டம்டி தன்னோடு எக்ஸ்ஸட்டின் நிரலகத்தை அழைத்து வந்தது. விருந்தாளியின் விருந்தாளி. நல்லகாலமாக அது சோதனைப் பதிப்புகளைத் தாண்டிப் பரவுமுன் பிடிபட்டது. நிலைப்பிணைப்பாயிருந்தால் இது நேர்ந்திராது என்று அப்போது சிலர் எழுதினார்கள். அது சரியன்று. பிணைக்கும் நாளில் நஞ்சு கலந்திருந்தால் நஞ்சையே கட்டிக்கொண்டு போயிருப்போம்.

இன்றைய நிலை விசித்திரமானது. அடிப்படைக் கருவிகளில் சத்திரக் கட்சி ஏறத்தாழ வென்றுவிட்டது. ஃபெடோரா 2012இலேயே பின், எஸ்பின் அடைவுகளை யூஎஸ்ஆருக்குள் கரைத்துவிட்டது; டெபியன் 2023இல் வெளிவந்த தன் 12ஆம் பதிப்பில் அதைக் கட்டாயமாக்கியது. கணினி எழும் முதல் நொடிகளுக்கென்று நினைவகத்திலேயே விரியும் சிறு கோப்பு முறைமை ஒன்று வந்து, பழைய வாசற்படிக் கருவிகளின் வேலையை வாங்கிக்கொண்டது. ஆப்பிளின் மேக் இயங்குதளம் பயனர் நிரல்களை முழு நிலைப்பிணைப்பில் ஆக்க ஆதரவே தருவதில்லை. மறுபுறம், 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டித் தருவதையே வழக்கமாக்கியது. கொள்கலன்கள் என்று இன்று புழங்குபவையோ, இயங்குபிணைப்பு நிரலையும் அதற்குரிய சத்திரத்தையும் ஒன்றாகப் பெட்டியில் வைத்து அனுப்புகின்றன. சத்திரத்தையே மூட்டை கட்டிக்கொண்டு யாத்திரை போவதைப் பார்க்கச் சிரிப்பு வருகிறது; ஆனால் என் பாடத்திட்டக் குழுவும் இப்படித்தான் முடிவெடுக்கிறது.

கிளிப்சியோடு நிலையாகப் பிணைத்த நிரலும்கூட முழுத் தனியாள் அன்று. பயனர் பெயரைத் தேட வேண்டி வந்தால் அது ஓடும் நேரத்தில் இரகசியமாகப் பகிர்வு நிரலகத்தைத் தேடிப் போகும். மடி ஆசாரத்தோடு தனிச் சமையல் செய்பவர் தண்ணீருக்குப் பொதுக்கிணற்றுக்கு வருவது போல. எஸ்எல்என் என்னைக் காப்பாற்றியதற்குக் காரணம் அது நிலைப்பிணைப்பு என்பது மட்டுமன்று. அது செய்யத் துணிந்த வேலை அவ்வளவு சிறியது என்பதும்தான்.

என் நண்பர் பின்னொரு நாள் தேநீர்க் கடையில் ஒரு கதை சொன்னார். 1986இல் யூஸ்நெட்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரியோ வோல்ஸ்கோ எழுதிய அனுபவம் அது. யாரோ தவறுதலாக எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையை வேர் அடைவிலேயே ஓட்டிவிட்டார்கள். நிறுத்துவதற்குள் பின், எட்ஸி, டெவ், லிப் எல்லாம் போய்விட்டன. ஒருவருடைய திரையில் ஈமாக்ஸ் என்ற எழுத்துத்தொகுப்பி மட்டும் திறந்திருந்தது. அந்த ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அடைவின் பெயரை மாற்றும் சிறு நிரலை வாக்ஸ் இயந்திரத்தின் பொறிமொழியில் எழுதி, படிப்படியாக மீண்டார்கள். "நீங்க பெயர் மாத்தினதோட விட்டீங்க சார்" என்றார் நண்பர். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்று நான் நினைத்தபடியே புதிய லிப்சியைப் பழையதன் இடத்தில் அமர்த்தியிருந்தாலும் கணினி எழுந்திருக்காது என்பதையும் அப்போதுதான் சொன்னார். ஏற்றியும் லிப்சியும் ஒரே பதிப்பினவாய் இருக்க வேண்டும், 2.5இன் ஏற்றிக்கு 2.7இன் லிப்சி பொருந்தாது. எஸ்எல்என் இல்லாமலேகூட, பாஷிலிருந்தபடி உண்மைக் கோப்பின் முழுப் பாதையை எல்டி-ப்ரீலோட் என்ற மாறியில் தந்து எல்என் கட்டளையை ஓட்டியிருக்கலாமாம். அதை ஏன் அன்றே சொல்லவில்லை என்றேன். "உங்க குரல் நடுங்கிட்டு இருந்தது. சின்னதா ஒண்ணு சொன்னாத்தான் சரியா அடிப்பீங்கன்னு பட்டது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். பாடல்கள் அந்த முழு நேரமும் வட்டில் பத்திரமாகவே இருந்தன. மீட்புக் குறுவட்டு ஒன்றைக் கொண்டு கணினியை எழுப்பியிருந்தால் எடுத்துவிட்டிருக்கலாம். ஆபத்து லிப்சியினால் வரவில்லை. கடைக்காரரிடம் சாயந்திரம் கொண்டுபோகிறேன் என்று நான் சொல்லிவைத்திருந்ததுதான் ஆபத்து. அதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

117 பாடல்களையும் யூனிகோடுக்கு மாற்ற, கடைசியில் துறைக் கணினியில் இருந்த விண்டோஸ் நிரல் ஒன்றே போதுமாயிற்று. அன்றிரவே அவற்றை மூன்று குறுவட்டுகளில் பிரதியெடுத்து, ஒன்றைப் பாட்டியின் மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டில் கணினி இல்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அடுத்த முறை போனபோது பதினொரு பாடல்களையும் தாளில் அச்சிட்டு எடுத்துப் போனேன்.

அந்தக் கணினி 2015வரை ஓடியது. கழிக்கப்போகும் முன் ஒருமுறை அந்த அடைவைத் திறந்து எல்எஸ் அடித்தேன். எஸ்எல்என் புதிய இணைப்பைத்தானே உண்டாக்கியது. நான் பெயர் மாற்றிய பழையதைத் தொடவில்லை. லிப்சி.எஸ்ஓ.6.பழைய, 2008இன் தேதியோடு, யாருக்கும் பயனின்றி, யாரையும் தொந்தரவு செய்யாமல் அங்கேயே இருந்தது.